ராணுவத்தில் மயக்க மருந்து செவிலியர் ஆக முடியுமா? மும்பை தமிழ் மாணவிகள் அறிய வேண்டியவை

மும்பை: காட்கோபரில் மின்சார ரயில் ஏறி சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் கொலாபாவின் தென்கோடிக்குச் சென்றால், இந்தியக் கடற்படையின் ஐ.என்.எச்.எஸ். அஸ்வினி மருத்துவமனை வரும். அதன் செவிலியர் கல்லூரியில் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்பு இலவசம். படிப்பை முடித்து, உடல் தகுதியும் பெறும் மாணவி ராணுவ செவிலியர் சேவையில் லெப்டினன்ட் அதிகாரியாகப் பணியில் சேர்கிறார்.

வீட்டிலிருந்து சென்றுவரும் தொலைவில் இப்படி ஒரு கல்லூரி இருந்தும், அதற்கான தயாரிப்பை 11-ஆம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. அறுவை சிகிச்சை அரங்கில் மயக்க மருந்து கொடுக்கும் பணியை விரும்பும் மாணவிகளுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. ‘ராணுவ மயக்க மருந்து செவிலியர் பயிற்சி’ என்ற பெயரில் இணையத்தில் காணப்படும் தகவல்கள் பெரும்பாலும் அமெரிக்க ராணுவத்தைப் பற்றியவை. அந்த விதிமுறைகள் இந்திய மாணவிகளுக்குப் பொருந்தாது.

அமெரிக்காவில் உள்ள நடைமுறை என்ன?

அமெரிக்காவில் செவிலியர்கள் மயக்க மருந்து கொடுப்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய வழக்கம். முதல் உலகப் போரின்போது போர்முனை மருத்துவமனைகளிலும் அவர்கள் இப்பணியைச் செய்தனர். இன்று அது உரிமம் பெற்ற தனித் தொழிலாக உள்ளது. அமெரிக்க ராணுவம், பேய்லர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் இதற்கான முனைவர் நிலைப் படிப்பை நடத்துகிறது. நர்சிங் இளநிலைப் பட்டம், செவிலியர் உரிமம், குறைந்தது ஓராண்டு தீவிர சிகிச்சைப் பிரிவு அனுபவம் ஆகியவை இதற்கு அடிப்படைத் தேவைகள். ராணுவ அதிகாரிகளாக இருப்பவர்களும், அதிகாரிகளாகச் சேரத் தகுதியுள்ள அமெரிக்கக் குடிமக்களுமே இதில் சேர முடியும். எனவே, இந்திய மாணவிக்கு இதில் இடம் வாங்கித் தருவதாக யாரேனும் பணம் கேட்டால், அதை நம்ப வேண்டியதில்லை.

இந்தியாவில் யார் மயக்க மருந்து கொடுக்கிறார்கள்?

இந்தியாவில் மயக்க மருந்து கொடுப்பது மருத்துவரின் பணி. எம்.பி.பி.எஸ். முடித்து, மயக்கவியலில் எம்.டி. போன்ற முதுநிலைத் தகுதி பெற்றவர்களே அதற்குப் பொறுப்பேற்கின்றனர். ராணுவ மருத்துவமனைகளிலும் இதே நடைமுறைதான். மயக்கவியல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு படித்தவர்கள் கருவிகளைத் தயார் செய்து, மருத்துவருக்கு உதவியாகப் பணிபுரிகின்றனர்.

ஆகவே, மயக்க மருந்தைத் தானே கொடுக்க விரும்பும் மாணவி, நீட் தேர்வெழுதி எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர வேண்டும். புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியும் அதற்கு ஒரு வழி. அறுவை அரங்கிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் நோயாளியின் அருகிலிருந்து பணியாற்ற விரும்பும் மாணவிக்கு ராணுவ செவிலியர் சேவை ஏற்றது. பணியில் சேர்ந்த பிறகு அறுவை அரங்க செவிலியம், தீவிர சிகிச்சை செவிலியம் போன்ற சிறப்புப் பயிற்சிகளைப் பெற முடியும்.

எத்தனை இடங்கள் உள்ளன?

நாடு முழுவதும் 6 ராணுவ செவிலியர் கல்லூரிகளில் 220 இடங்கள் உள்ளன. புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி, மும்பை அஸ்வினி, லக்னோ, பெங்களூரு ஆகியவற்றில் தலா 40 இடங்களும், கொல்கத்தா, டெல்லி ஆகியவற்றில் தலா 30 இடங்களும் உள்ளன. தேர்வு அகில இந்திய அளவில் நடைபெறுகிறது. மகாராஷ்டிர இருப்பிடச் சான்றிதழ் தொடர்பாக மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் மாநிலக் கல்லூரிச் சேர்க்கையில் சந்திக்கும் சிக்கல் இங்கு இல்லை.

யார் விண்ணப்பிக்கலாம்?

இது பெண்களுக்கு மட்டுமான படிப்பு. திருமணமாகாதவர்கள், விவாகரத்து பெற்றவர்கள், சட்டப்படி பிரிந்து வாழ்பவர்கள், குழந்தைகள் இல்லாத கைம்பெண்கள் விண்ணப்பிக்கலாம். வயது 17 முதல் 25-க்குள் இருக்க வேண்டும். பிறந்த தேதிக்கான வரம்பு ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கையில் குறிப்பிடப்படும்.

12-ஆம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களைப் படித்து, முதல் முயற்சியிலேயே 50 சதவீதத்துக்குக் குறையாத மதிப்பெண்ணுடன் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். ‘முதல் முயற்சி’ என்ற நிபந்தனை முக்கியமானது. ஒரு பாடத்தில் தவறி, துணைத் தேர்வில் தேர்ச்சி பெற்றால் இந்த வாய்ப்பு கைநழுவிவிடும். குறைந்தபட்ச உயரம் 152 செ.மீ. ஆகும். வடகிழக்கு மாநிலத்தவர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு இதில் சலுகை உண்டு.

தேர்வு எப்படி நடைபெறும்?

முதல் படி நீட் இளநிலைத் தேர்வு. அது மருத்துவப் படிப்புக்கு மட்டுமானது என்று எண்ணி நர்சிங் விரும்பும் மாணவிகள் எழுதாமல் விட்டுவிட்டால், அந்த ஆண்டு ராணுவ செவிலியர் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இயலாது. நீட் எழுதியிருந்தால் மட்டும் போதாது. இந்திய ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் அறிவிக்கை வெளியானதும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

நீட் மதிப்பெண் அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்படுவோர் அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படுவர். அதில் பொது அறிவுத்திறன் மற்றும் ஆங்கிலத்துக்கான கணினிவழித் தேர்வு, உளவியல் மதிப்பீடு, நேர்காணல் ஆகியவை இடம்பெறும். இறுதியாக ராணுவ மருத்துவர் குழு உடல் தகுதியைப் பரிசோதிக்கும்.

மொழி தொடர்பாகவும் மும்பை மாணவிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீட் வினாத்தாள் 13 மொழிகளில் வழங்கப்பட்டாலும், தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிகோபார் தேர்வு மையங்களில் மட்டுமே கிடைக்கும். தமிழ் வழியில் படித்த மாணவி மும்பை மையத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கிலம், இந்தி, உருது அல்லது மராத்தியில்தான் எழுத வேண்டியிருக்கும். அடுத்த கட்டத்தில் ஆங்கிலத் தேர்வும் இருப்பதால், அதற்கான பயிற்சியை முன்கூட்டியே தொடங்குவது நல்லது.

படிப்புக்குப் பிறகு என்ன?

பயிற்சிக் காலத்தில் கட்டணமில்லை. தங்குமிடம், உணவு, சீருடைக்கான படி, மாத உதவித்தொகை ஆகியவை வழங்கப்படும். அதற்கு ஈடாக, படிப்பை முடித்ததும் ராணுவ செவிலியர் சேவையில் பணியாற்றுவதாகச் சேர்க்கையின்போதே ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். இடையில் விலகினால் ஒப்பந்தத் தொகையைச் செலுத்த நேரிடும். நாட்டின் எந்தப் பகுதிக்கும் பணிமாற்றம் வரலாம். இவற்றைப் பெற்றோரும் மாணவியும் கையெழுத்திடும் முன் முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

பணியில் சேர்ந்தால் திருமணம் செய்துகொள்ள முடியாது என்ற அச்சம் சில குடும்பங்களில் இன்றும் உள்ளது. அதற்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. திருமணம் செய்துகொண்டதற்காக 1988-ல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட முன்னாள் லெப்டினன்ட் செலினா ஜான் நீண்ட சட்டப் போராட்டம் நடத்தினார். அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த 1977-ஆம் ஆண்டு விதி 1995-லேயே திரும்பப் பெறப்பட்டுவிட்டது. பணியில் சேர்ந்த பின் திருமணம் வேலையைப் பறிக்காது.

ஏற்கெனவே நர்சிங் முடித்தவர்களுக்கு?

பி.எஸ்சி. நர்சிங் முடித்து பொது மருத்துவமனைகளில் பணியாற்றும் செவிலியர்களுக்குக் குறுகிய கால அதிகாரிப் பணி என்ற வழி உள்ளது. இதற்கான கணினிவழித் தேர்வை தேசியத் தேர்வு முகமை 2024 ஜனவரியில் நடத்தியது. வயது வரம்பு 21 முதல் 35 வரை இருந்தது. ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் அறிவிக்கை வரும் என்று கூற முடியாது என்பதால், ராணுவ இணையதளத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

மும்பைக்கு இந்தச் சேவையுடன் பழைய தொடர்பு உண்டு. ராணுவ மருத்துவமனைகளில் செவிலியப் பணியை ஒழுங்குபடுத்த 1888-ல் பிரிட்டனிலிருந்து வந்த முதல் 10 செவிலியர்கள் இறங்கியது பம்பாய்த் துறைமுகத்தில்தான். 1926 அக்டோபர் 1-ல் இது நிரந்தரச் சேவையாக்கப்பட்டது. இன்று மேஜர் ஜெனரல் பதவி வரை பெண்கள் உயரும் சேவையாக அது விளங்குகிறது. அந்த வரிசையில் சேர விரும்பும் மாணவி 11-ஆம் வகுப்பில் உயிரியல் பாடத்தை எடுப்பதும், 12-ஆம் வகுப்பில் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெறுவதும், நீட் விண்ணப்பத்தைத் தவறவிடாமல் இருப்பதும் முதல் மூன்று படிகள்.