தாத்தாவின் காதோரம் என்ன இருந்தது?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன்னால் தாத்தா நிற்கும் பழைய போட்டோவை, சிவப்பு-நீலக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் த்ரீடி படமாக மாற்ற முடியுமா, ஏஐ செயலிகள் ‘நிஜ ஆழம்’ தருவதாகச் சொல்கிறார்களே என்று பொத்தேரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மாற்றலாம். நிஜ ஆழம் என்பது மட்டும் விளம்பரம்.

இடக்கண்ணுக்கான படத்தின் சிவப்பையும் வலக்கண்ணுக்கான படத்தின் பச்சை, நீலத்தையும் ஒன்றாகச் சேர்த்தால், கண்ணாடியின் நிறத்தாள்கள் அந்தந்தக் கண்ணின் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் தாத்தாவை எடுத்த கேமராவுக்கு ஒற்றைக் கண். மற்ற கண் எதைப் பார்த்திருக்கும்? மென்பொருள் எது கிட்டே, எது தூரத்தில் என்று ஊகித்து, தூரத்துக்குத் தக்கபடி ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் நகர்த்துகிறது. வேடிக்கை இங்கேதான். தாத்தா நகர்ந்ததும் அவர் காதோரம் ஒரு கீற்று காலியாகிவிடுகிறது.

வீட்டுச் சுவரில் மாட்டிய காலண்டரை இரண்டு விரற்கடை தள்ளி மாட்டினால் மறைந்திருந்த சுவர் தெரியும். இங்கே அந்தச் சுவரே கிடையாது. பக்கத்துச் சுண்ணாம்பைப் பார்த்து மென்பொருள் பூசி வைக்கிறது. அங்கே ஆணி ஓட்டை இருந்ததா, பல்லி குடியிருந்ததா, அதற்குத் தெரியாது. ஏஐயிடம் விட்டால் இல்லாத பல்லியை வாலோடு வரைந்து, பூச்சியையும் வாயில் கொடுக்கும். காதோரம் வெறும் வானம் என்றால் பாதகமில்லை. கோயில் சிற்பம் என்றால், எந்தச் சிற்பியும் செதுக்காத கல் அது.

வரலாறும் கேட்பீர்கள். இருநிறத் தந்திரத்தை 1853-இல் ஜெர்மனியின் ரோல்மன் சொன்னார். 1891-இல் பிரான்சின் டூகோ டு ஓரோன் அச்சுக்குக் கொண்டுவந்தார். ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ (1984) த்ரீடி சினிமா வேறு ரகம், அது போலராய்டு கண்ணாடி. நமக்கு முக்கியமானவர் லின்னேயஸ் டிரைப். சென்னை அரசாங்கத்துக்காக மதுரை, திருச்சி, தஞ்சாவூர்க் கோயில்களை இரு கண்ணுக்குமாக அவர் எடுத்த இரட்டைப் படங்கள் 1858-இல் வெளியாயின. ஒன்றைச் சிவப்பிலும் மற்றதைப் பச்சை-நீலத்திலும் போட்டால் போதும். பூச்சு வேலையே வேண்டாம்.

பழுப்பேறிய போட்டோ இந்தச் சிவப்பு-நீல வித்தைக்கு லாயக்கு. தஞ்சாவூர் ஓவியம் மகா மோசம். அதன் குங்குமச் சிவப்பு இடக்கண்ணுக்குப் பளிச்சென்றும் வலக்கண்ணுக்குக் கரியாகவும் தெரிந்து, கண் கூசும். நிறத்தை வெளுத்தால்தான் அடங்கும். அதைவிட, தங்கத் தாளுக்கடியில் சுண்ணக் குழைவால் மேடு கட்டிய ஓவியத்தை ஸ்கேனரில் தட்டையாக்கி, பிறகு போலி மேடு ஏற்றுவது என்ன கணக்கோ!

அசல் ஆழம் வேண்டுமானால் பொத்தேரியிலிருந்து மாமல்லபுரம் ஒன்றும் தூரமில்லை. அர்ச்சுனன் தபசுப் பாறைச் சிற்பத்துக்குப் பத்து மீட்டர் தள்ளி நின்று செல்போனில் ஒரு படம். அப்படியே வலப்பக்கம் ஓரடி நகர்ந்து இன்னொன்று. கல் யானைகள் அசையாமல் ஒத்துழைக்கும். முன்னால் செல்ஃபி எடுப்பவர்கள் ஒதுங்கும்வரை நீங்கள்தான் பொறுக்க வேண்டும்.