கிறிஸ்தவர்கள் சொல்லும் ‘தேவனுடைய ராஜ்யம்’: நாம் புரிந்துகொள்ள வேண்டியது என்ன?



அண்மையில் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் நின்றிருந்தபோது, ஓர் இளைஞர் கைபேசியை நீட்டினார். “ஹஜ்ரத், கிறிஸ்தவர்கள் கடவுளோட ராஜ்யம் வரணும்னு தினமும் ஜெபம் பண்றாங்களாம். நாட்டைப் பிடிக்கிற திட்டம்னு இதுல போட்டிருக்கு. உண்மையா?” என்று கேட்டார்.

அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு நம் நிலைமைதான் நினைவுக்கு வந்தது. ‘அதிகாரம் அல்லாஹ்வுக்கே’ என்று நாம் சொல்வதை எடுத்து, அதற்கு நாம் நினைக்காத பொருளைக் கற்பித்துப் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது நமக்கு எவ்வளவு வலிக்கிறது! அதே அநீதியை நாம் பிறருக்குச் செய்யலாமா? ஒருவர் தம் வழக்கில் ஒரு சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறாரோ, அந்தப் பொருளிலேயே அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மதரஸாக்களில் நாம் படிக்கும் பாலபாடம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘பசிலேயா’. அதற்கு அரசாளும் நிலப்பரப்பு என்றும் பொருள் உண்டு, அரசாளுதல் என்றும் பொருள் உண்டு. இயேசுவின் போதனையில் இரண்டாவது பொருளே முதன்மையானது என்பது பெரும்பாலான விவிலிய அறிஞர்களின் கருத்து. தமிழில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். லுத்தரன், பெந்தெகொஸ்தே சபையினர் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ‘தேவனுடைய ராஜ்யம்’ என்றிருக்கும். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் ‘இறையாட்சி’ என்றிருக்கும்; கத்தோலிக்கர்கள் படிப்பது இதையே. ராஜ்யம் என்றால் எல்லைக்கோடு நினைவுக்கு வருகிறது. ஆட்சி என்றால், யாருடைய விருப்பப்படி காரியம் நடக்கிறது என்ற கேள்வி வருகிறது. அவர்களுடைய ஜெபத்திலும் ராஜ்யம் வர வேண்டும் என்ற வேண்டுதலை அடுத்து, விண்ணில் போலவே மண்ணிலும் இறைவனின் விருப்பம் நிறைவேற வேண்டும் என்ற வேண்டுதல்தான் வருகிறது. முன்னதற்குப் பின்னது விளக்கம் போல் அமைந்திருக்கிறது.

நம் ஊர் உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகிர்தார் ஆட்சி நடந்தது. நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அரசு நிர்வாகம் அங்கே முழுமையாகப் போய்ச் சேர்ந்தது. மலை அதே மலை, மக்கள் அதே மக்கள். யாருடைய சொல் செல்லும் என்பதுதான் மாறியது. இறையாட்சி என்று கிறிஸ்தவர்கள் சொல்வதும் ஏறத்தாழ இந்த வகை மாற்றத்தையே. மனிதன் தன் மனோஇச்சைக்கும் பணத்துக்கும் கீழ்ப்படிவதை விட்டு இறைவனுக்குக் கீழ்ப்படிவது.

இயேசு இதற்கு இலக்கணம் சொல்லவில்லை. உவமைகளாகவே விளக்கினார் என்கின்றன சுவிசேஷங்கள். கண்ணுக்குத் தெரியாத கடுகு செடியாக வளர்வது, சிறிதளவு புளித்த மாவு மொத்த மாவையும் புளிக்க வைப்பது, நிலத்தில் புதைந்த புதையலுக்காக ஒருவன் உள்ளதையெல்லாம் விற்பது போன்றவை அவை. வாளோ படையோ இவற்றில் இல்லை. ரோமானிய ஆளுநர் பிலாத்துவின் விசாரணையில், தமது அரசு இவ்வுலக அரசுகளைப் போன்றதல்ல என்று அவர் கூறியதாக யோவான் சுவிசேஷம் சொல்கிறது.

அது எப்போது வரும்? இயேசுவின் வருகையோடு தொடங்கிவிட்டது, அவர் மீண்டும் வரும்போது முழுமையடையும் என்பதே பெரும்பாலான சபைகளின் போதனை. அவர் ஆயிரம் ஆண்டுகள் பூமியில் ஆட்சி செய்வார் என்று சொல்லர்த்தமாக எடுத்துக்கொள்ளும் சபைகளும் உண்டு. நவம்பர் இறுதியில் கத்தோலிக்கர்கள் ‘கிறிஸ்து அரசர்’ திருவிழா எடுக்கிறார்கள். முதல் உலகப் போருக்குப் பின் 1925-இல் போப் பதினோராம் பயஸ் ஏற்படுத்திய விழா அது. கிறிஸ்துவின் ஆட்சியை ஏற்காமல் நாடுகளிடையே நிலையான அமைதி வராது என்பதே அவர் சொன்ன காரணம்.

இனி நம் நிலைப்பாடு. அரபி பைபிளில் இந்தச் சொல் ‘மலகூத்துல்லாஹ்’ என்று வருகிறது. ‘மலகூத்’ நமக்குப் புதிய சொல்லா? திருக்குர்ஆனில் நான்கு இடங்களில் (6:75, 7:185, 23:88, 36:83) வருகிறது. வானங்கள், பூமி, ஒவ்வொரு பொருளின் மீதும் உள்ள முழு அதிகாரம் அல்லாஹ்வின் கையில் என்பது அதன் கருத்து. அந்த ஆட்சி ஒரு காலத்தில் தொடங்கியதல்ல, என்றும் உள்ளது.

வேறுபாட்டையும் மறைக்கக் கூடாது. கிறிஸ்தவர்களின் நம்பிக்கையில் அந்த ஆட்சி இயேசுவின் மூலமாக, அவருடைய சிலுவை மரணம், உயிர்த்தெழுதல் மூலமாக வருகிறது. அவரே அதன் அரசர். நபி ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அடியார், தூதர். அவர்கள் சிலுவையில் அறையப்படவில்லை. இறுதிக் காலத்தில் நீதியான தீர்ப்பாளராக இறங்கி வருவார்கள் என்பது நம் ஈமான். அல்லாஹ்வின் ஆட்சியில் யாருக்கும் பங்கில்லை. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆனால் இது அகீதா பற்றிய வேறுபாடு. நாட்டைப் பிடிக்கும் சதி என்று இதைத் திரிப்பது பொய்.

கடைசியாக ஒன்று. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் அந்த அரசர் மக்களைப் பிரிக்கும் காட்சி வருகிறது. பசித்தவனுக்கு உணவிட்டாயா, நோயாளியைப் பார்க்கப் போனாயா என்பதே அங்கு அளவுகோல். எளியவருக்குச் செய்தது அரசருக்கே செய்ததாகும். இதைப் படிக்கும் எந்த ஆலிமுக்கும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ் குத்ஸி நினைவுக்கு வராமல் போகாது. நோயுற்ற அடியானை நீ நலம் விசாரிக்கவில்லையே, விசாரித்திருந்தால் என்னை அவனிடம் கண்டிருப்பாயே என்று மறுமையில் அல்லாஹ் கேட்பான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். மதுவை ஹராம் என்று மிம்பரில் முழங்கும் நாமும், இறையாட்சி வர வேண்டும் என்று தினமும் வேண்டும் அவர்களும், அந்த வீதிக்கு அதற்கு முன் எத்தனை முறை போனோம்? மறுமைக் கேள்வி இரு சாராருக்கும் அங்கேதான் காத்திருக்கிறது.

அந்த இளைஞரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவச் சகோதரரிடம் நேரில் கேளுங்கள். அவர் நம்மைப் பற்றிக் கேட்டால் அழகிய முறையில் பதில் சொல்லுங்கள்.

உண்மையை விளங்கி நடக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.