தைப்பிங்: ஈயம் போன வழியே ஒரு நாள்

பள்ளி விடுமுறையில் தைப்பிங் செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் ஏரித் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு, மிருகக்காட்சி சாலையைச் சுற்றிவிட்டு, மழை பிடிப்பதற்குள் காரில் ஏறிவிடுகின்றன. அந்த ஏரி முன்பு ஈய லம்பமாக இருந்தது. இங்கே தோண்டிய ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோகப் போட்டதுதான் இந்நாட்டின் முதல் ரயில் பாதை. அதைப் போட்ட கைகளில் தமிழர் கைகளும் இருந்தன. இவ்வளவும் தெரிந்துகொண்டு போனால் அதே ஊர் வேறு மாதிரித் தெரியும்.

அதற்கு எளிய வழி, ஈயம் போன வழியிலேயே ஊரைப் பார்ப்பது. காலையில் ஏரியில் தொடங்கி, மாலையில் கோலா செப்பெத்தாங்கில் முடிக்கலாம். ஒரு நாள் தாராளமாகப் போதும்.

லாருட் வட்டாரத்தில் 1840களின் இறுதியில் ஈயம் எடுக்கத் தொடங்கியவர் லோங் ஜாபார் என்ற மலாய்த் தலைவர். காணாமல் போன அவருடைய யானை, காலில் ஈய மண் ஒட்டிய நிலையில் திரும்பி வந்ததாகவும், அந்த யானையின் பெயரே லாருட் என்றும் ஊரில் ஒரு கதை உண்டு. கதையை நம்புவது அவரவர் விருப்பம். லம்பங்களில் வேலை செய்யச் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தது மட்டும் கதையல்ல, வரலாறு.

அக்கால லம்பம் மலைக்குள் குடையும் சுரங்கம் அல்ல, திறந்த குழி. மேல் மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து கொட்டிவிட்டு, அடியில் இருக்கும் ஈய மணலை எடுத்து, ஓடும் நீரில் அலசுவார்கள். மண் நீரோடு போய்விடும். கனமான ஈயம் அடியில் தங்கும். ஆகவே ஈயம் எடுக்க நீர் வேண்டும். குழியில் ஊறும் நீரை இறைத்துத் தள்ளவும் வேண்டும். நீர் இல்லாவிட்டாலும் வேலை இல்லை, நீர் மிகுந்தாலும் வேலை இல்லை.

1861இல் இங்கே வெடித்த முதல் பெரும் சண்டைக்குக் காரணமே லம்பத்திற்குப் போகும் ஒரு வாய்க்கால்தான். ஹாய் சான், கீ ஹின் என்ற இரண்டு சீன இரகசியச் சங்கங்கள் மோதின. விட்டு விட்டு நடந்த லாருட் போர்கள் 1874 ஜனவரி 20ஆம் தேதி பங்கோர் உடன்படிக்கையோடுதான் ஓய்ந்தன. அந்த உடன்படிக்கையின் வழியாகவே பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பேராக்கிற்குள் வந்தார். கிளியான் பாவ் என்ற லம்பக் குடியிருப்பு, ‘நிலைத்த அமைதி’ என்று பொருள்படும் தைப்பிங் ஆனது. எதிர்த்தரப்பு இருந்த கிளியான் பாரு, கமுந்திங் ஆனது. நம்மவர்களில் பலருக்குக் கமுந்திங் என்றதும் தடுப்பு முகாம்தான் நினைவுக்கு வரும். அந்த ஊரும் ஒரு லம்ப ஊராகத் தொடங்கியதுதான்.

ஈயம் தீர்ந்த குழிகளை அப்படியே விட்டிருந்தால் கொசு வளரும் பள்ளங்களாகவே கிடந்திருக்கும். 1880இல் அவற்றைப் பொதுப் பூங்காவாக மாற்றும் வேலை தொடங்கியது. இன்றைய ஏரித் தோட்டம் ஏறத்தாழ 64 ஹெக்டேர். ஏரிகளின் கரை நேராக இல்லாமல் வளைந்து நெளிந்து இருப்பதைக் கவனிக்கலாம். லம்பம் விட்டுப்போன வடிவம் அது.

கரையோரச் சாலையில் நிற்கும் பெரிய மரங்கள் தூங்குமூஞ்சி மரங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நட்டவை. கிளைகள் சாலையைத் தாண்டி வளைந்து ஏரி நீரைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டன. மாலையில் இலைகளை மடித்துக்கொள்வதால் தமிழில் தூங்குமூஞ்சி என்ற பெயர். அதே வழக்கத்தைப் பார்த்து மலாய்க்காரர்கள் ‘ஐந்து மணி மரம்’ என்கிறார்கள். தமிழ்ப் பெயரில் கொஞ்சம் கேலி இருக்கிறது. மலாய்ப் பெயரில் கடிகாரம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, இலை மடிகிறதா என்று மாலை வரை காத்திருந்து பார்க்கச் சொல்லலாம்.

ஏரியிலிருந்து சிறிது தூரத்தில் பேராக் அருங்காட்சியகம். 1883இல் தொடங்கப்பட்ட இது நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம். பாடம் செய்த விலங்குகள், பழங்குடி மக்களின் பொருள்கள், ஆயுதங்கள் என்று பழைய பாணியிலேயே இருக்கிறது. தொடுதிரைக்குப் பழகிய பிள்ளைகள் முதலில் முகம் சுளிக்கலாம். ஆனால் கட்டடத்தையும் சேர்த்துப் பார்த்தால் அரை மணி நேரம் வீண் போகாது. எதிரே இருப்பது 1879ஆம் ஆண்டுச் சிறைச்சாலை. அது இன்றும் சிறைச்சாலைதான் என்பதால் வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி.

நகர மையத்தில் 1884, 1885ஆம் ஆண்டுகளில் கட்டிய மரச் சந்தைக் கட்டடங்கள் உள்ளன. இவ்வளவு பழைய கட்டடங்கள் இங்கே தங்கியதற்கு ஒரு காரணம், ஊர் பின்தங்கிப் போனதுதான். லாருட்டில் ஈயம் குறையக் குறைய, லம்பக்காரர்கள் கிந்தா பள்ளத்தாக்கிற்கு நகர்ந்தார்கள். 1937இல் மாநிலத் தலைநகரும் ஈப்போவுக்குப் போய்விட்டது. பணம் போன ஊரில் இடித்துக் கட்ட ஆளில்லை.

இனி ரயிலுக்கு வருவோம். ஈயத்தை யானையிலும் மாட்டு வண்டியிலும் ஏற்றி ஆற்றுத் துறைக்குக் கொண்டுபோவது பெரும்பாடு. தைப்பிங், தீபகற்ப மலேசியாவில் மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர். இன்று மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டும் பெரியவர்கள் இங்கே இருந்தார்கள் என்பார்கள். அந்த மழையில் மண் சாலை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே தைப்பிங்கிலிருந்து கடற்கரைப் பக்கமுள்ள போர்ட் வெல்டுக்கு 12.8 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டு, 1885 ஜூன் 1ஆம் தேதி திறக்கப்பட்டது.

சதுப்பும் காடுமாக இருந்த நிலத்தில் அதைப் போட, ரயில் பாதை வேலையில் அனுபவம் உள்ளவர்கள் தேவைப்பட்டார்கள். இலங்கையிலிருந்து ‘பயோனியர்’ எனப்படும் சாலைப் பணிப் படையின் இரண்டு பிரிவுகள் கொண்டுவரப்பட்டன. தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் வேலை செய்த படை அது. வரலாற்று நூல்கள் அவர்களை ‘இரண்டு பிரிவுகள்’ என்று கணக்காகச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. அவர்களுக்குப் பின்னால் யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும், தமிழ்நாட்டிலிருந்து தண்டவாளத் தொழிலாளர்களும் வந்து மலாயா ரயில்வேயில் தமிழர் என்ற ஒரு தலைமுறையே உருவானது. வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால், இந்தப் பயணத்துக்கு முன்பு அவர்களிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவது நல்லது. அந்தத் தகவல் எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காது.

தைப்பிங்கின் முதல் ரயில் நிலையம் இன்று இல்லை. அந்த இடத்தில் ஏழாம் எட்வர்ட் மன்னர் தொடக்கப்பள்ளி நிற்கிறது. இப்போதைய நிலையத்துக்கு மின்சார ரயிலில் கோலாலம்பூரிலிருந்து நேராக வந்து இறங்கலாம். பக்கத்தில் பழைய நிலையக் கட்டடமும் இருக்கிறது.

மேற்கே போகும் சாலையில், போர்ட் வெல்டுக்கு முன்பு மாத்தாங் வரும். அங்கே லோங் ஜாபாரின் மகன் ஙா இப்ராஹிமின் கோட்டை வீடு அருங்காட்சியகமாக உள்ளது. ஈயத்தால் பெரும் செல்வந்தரான அவரை, ரெசிடெண்ட் பர்ச் கொலைக்குப் பிறகு பிரிட்டிஷார் சேசெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினர். அந்தக் கொலை வழக்கில் மகாராஜா லேலா விசாரிக்கப்பட்டது 1876இல் இதே மாத்தாங்கில்தான். தைப்பிங்கில் அரை நாளைச் செலவிட்டவர்கள் மாத்தாங்கைத் தவறவிடக் கூடாது. ஈயத்தை முதலில் ஆண்டவர்களின் கதை இங்கேதான் இருக்கிறது.

போர்ட் வெல்டின் இன்றைய பெயர் கோலா செப்பெத்தாங். தண்டவாளம் பெயர்க்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பது சிறிய பயணச்சீட்டுக் கூடமும், நிலையத்தின் பெயர்ப் பலகையும். கடைகளுக்கு நடுவே நிற்கும் அந்தப் பலகையில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஊர்ப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. பலரும் அதன் முன் நின்று படம் எடுக்கிறார்கள். அது எதற்காகத் தமிழில் என்று உடன் வரும் பிள்ளை கேட்டால், மேலே சொன்ன இரண்டு பிரிவுகளிலிருந்து பதிலைத் தொடங்கலாம்.

ஊரைச் சுற்றி இருப்பது மாத்தாங் சதுப்புநிலக் காடு. நூறாண்டுக்கு மேலாகச் சுழற்சி முறையில் மரம் வெட்டி, மீண்டும் நட்டு வளர்க்கப்படும் காடு இது. வெட்டிய மரத்தைக் கவிழ்த்த பானை போன்ற செங்கல் சூளைகளில் வேகவைத்துக் கரியாக்குகிறார்கள். சூளைகளைப் பார்வையாளர்கள் சுற்றிப் பார்க்கலாம். புகை கண்ணை எரிக்கும். சிறு குழந்தைகளோடு அதிக நேரம் நிற்க வேண்டாம்.

நேரம் மிஞ்சினால் புக்கிட் லாருட் மலையடிவாரத்தில் உள்ள போர் வீரர்கள் கல்லறைக்கும் போகலாம். இரண்டாம் உலகப் போரில் இறந்த எண்ணூறுக்கும் மேற்பட்டோர் அங்கே புதைக்கப்பட்டுள்ளனர். பாதிக்கும் மேலானோர் யாரென்று அடையாளம் தெரியாதவர்கள். சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்துவர்கள், மறுபக்கம் இந்திய ராணுவத்தினர். மலை உச்சிக்குப் போகும் வண்டிச் சேவை மண்சரிவு, சாலைப் பழுது காரணமாக நிறுத்தப்படுவதுண்டு. முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு செல்வது நலம். குடையை மட்டும் எந்த மாதத்தில் போனாலும் மறக்க வேண்டாம்.