நிலவுக்குச் சென்ற ராக்கெட்டின் எடை என்ன?

செங்கற்பட்டில் படிக்கும் நம்மில் மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போகாதவர் அநேகமாக இருக்க மாட்டார்கள். அங்கே பாறைச் சரிவில் உருண்டு விழப்போவது போல் நிற்கும் வெண்ணெய் உருண்டைக் கல்லின் எடை 250 டன் என்று சொல்லுவார்கள். அதைத் தராசில் ஏற்றி நிறுத்தவர் எவருமில்லை. கல்லின் பருமனை அளந்து, ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறத்தாழ 2.7 டன் எனக் கொண்டு பெருக்கினால் இப்படி ஓர் உத்தேச எண் கிடைக்கும்.

ராக்கெட்டின் கதை வேறு. அதைச் செய்தவர்கள் பகுதி பகுதியாக எடை கணக்கிட்டுக் குறித்து வைக்கிறார்கள். அப்படியிருந்தும் நூலுக்கு நூல் எண் மாறுபடுகிறதே, ஏன்? இக்கேள்வி எனக்கு எழக் காரணம், நான் செய்த ஒரு பிழைதான்.

நம் அறிவியல் கண்காட்சிக்காகச் சந்திரயான்-3 பற்றி ஓர் அட்டை எழுதினேன். உந்துகலம் 2,148 கிலோ, விக்ரம் லேண்டர் 1,752 கிலோ, பிரக்யான் ஊர்தி 26 கிலோ. ஆக மொத்தம் 3,926 கிலோ. ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்தக் குட்டி வண்டி லேண்டருக்குள்ளேதானே உட்கார்ந்து போச்சு? அப்புறம் ஏன் தனியாகக் கூட்டினீங்க?" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. 1,752 கிலோவிலேயே அந்த 26 கிலோவும் அடக்கம். இஸ்ரோ வெளியிட்ட மொத்த எடை 3,900 கிலோதான்! அன்று முதல் எண்களைத் துருவிப் பார்க்கத் தொடங்கினேன். குழப்பத்துக்கு மூன்று காரணங்கள் தென்பட்டன.

முதலாவது, எந்த நேரத்து எடை என்பது. நம் வீட்டுச் சமையல் எரிவாயு உருளையில் 14.2 கிலோ எரிவாயு இருக்கும். காலி உருளையின் எடையை அதன்மேல் தனியாகப் பொறித்திருப்பார்கள். ராக்கெட்டும் அத்தகையதே. 2008இல் சந்திரயான்-1 புறப்பட்டபோது 1,380 கிலோ. எரிபொருளைச் செலவிட்டு நிலவின் சுற்றுப்பாதையை அடைந்தபோது ஏறத்தாழ அதில் பாதிதான். 1969இல் அப்போலோ-11ஐச் சுமந்த சாட்டர்ன்-5 ராக்கெட்டின் இயந்திரங்கள் வினாடிக்கு ஏறத்தாழ 13 டன் எரிபொருளைக் குடித்தன. பற்றவைத்த பின்னும் அது சில வினாடிகள் மேடையிலேயே பிடித்து வைக்கப்பட்டது. ஆகவே பற்றவைக்கும்போது ஓர் எடை, கிளம்பும்போது வேறோர் எடை.

இரண்டாவது, எந்தப் பயணம் என்பது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட் துணை மோட்டார்கள் இல்லாமல் ஏறத்தாழ 230 டன். சந்திரயான்-1ஐ ஏற்றிச் சென்றபோது ஆறு பெரிய துணை மோட்டார்களுடன் ஏறத்தாழ 320 டன். பெயர் ஒன்று, எடை இரண்டு. சாட்டர்ன்-5உம் அவ்வாறே. அப்போலோ-8இல் நிலவில் இறங்கும் கலமே இல்லை. அப்போலோ-17இலோ அக்கலத்துடன் நிலவில் ஓட்டும் காரும் சென்றது.

மூன்றாவது, எந்த டன் என்பது. நம் மெட்ரிக் டன் 1,000 கிலோ. அமெரிக்க டன் ஏறத்தாழ 907 கிலோ. பழைய ஆங்கிலேய டன் 1,016 கிலோ. சாட்டர்ன்-5இன் எடை 62 லட்சம் பவுண்டு என்று நாசா பொதுவாகச் சொல்வதுண்டு. அது அமெரிக்கக் கணக்கில் 3,100 டன். நம் கணக்கில் 2,812 டன். ஒருவர் 3,100 என்றும் மற்றொருவர் 2,812 என்றும் எழுதினால், இருவர் சொல்வதும் சரியே!

ஆகவே தோழியரே, ஓர் எண்ணைக் கண்டதும் அதை அப்படியே நோட்டில் இறக்கிக்கொள்ளாமல் நான்கு கேள்விகள் கேளுங்கள். இதைச் சொன்னவர் ராக்கெட்டைச் செய்தவரா, கேட்டு எழுதியவரா? எந்தப் பயணம்? எந்த நேரம்? எந்த டன்? பிறகு பகுதிகளைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். என் அட்டையில் நான் செய்யத் தவறியது இதைத்தான்.

கண்காட்சி முடியுமுன் 3,926ஐ அடித்து 3,900 என்று திருத்தினேன். அந்த அடித்தலை மறைக்க வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்கள். அன்று வந்த பெற்றோர் பலர் அட்டையில் முதலில் கேட்டது அந்த அடித்தலைப் பற்றியே. ஒவ்வொருவருக்கும் அதை விளக்கிச் சொன்னதில்தான் எனக்கும் பாடம் முழுமையாக விளங்கிற்று.