1977: மின்னணு இசையின் பொன்னாண்டு

"மின்னணு இசையா? பொத்தானை அழுத்தினால் இயந்திரமே பாடிவிடுமே! மனிதனுக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்போர் பலர். 1977ஆம் ஆண்டில் உலகெங்கும் ஒலித்த, நாங்கள் பெரிதும் விரும்பும் மூன்று வெளியீடுகள் இதற்கு விடை கூறும்.

முதலாவது, பிரெஞ்சு இசையமைப்பாளர் ழான் மிஷேல் ழாரின் 'ஆக்ஸிஜன்'. 1976 டிசம்பரில் பிரான்சிலும், மறு ஆண்டு பிற நாடுகளிலும் வெளிவந்தது. பாரிஸில் தம் வீட்டிலேயே, எட்டுத் தடங்கள் கொண்ட ஒலிநாடாக் கருவியில், ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இதனை அவர் உருவாக்கினார்.

இரண்டாவது, ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவினர் அளித்த 'டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்'. தண்டவாளத்தில் ஓடும் ரயிலின் தாளமே இதன் உயிர்நாடி. 1982இல் அமெரிக்காவில் வெளியான 'பிளானட் ராக்' என்னும் பாடல் இதன் மெட்டை எடுத்தாண்டது.

மூன்றாவது, டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்'. மியூனிக் நகரில் ஜியார்ஜியோ மொரோடரும் பீட் பெலட்டும் இதனை உருவாக்கினர். அவர்கள் பயன்படுத்திய 'மோக்' சிந்தசைசர் சற்று நேரத்திலேயே சுருதி விலகிவிடும். ஆகவே, சிறு சிறு பகுதிகளாகப் பதிவு செய்தனர். பெரிய டிரம்மின் அழுத்தமான ஒலியை அக்கருவியால் தர இயலவில்லை. கீத் ஃபோர்சி என்பவர் காலால் மிதித்தே அதனை வாசித்தார்!

சுருதி விலகியதைக் கண்டறிந்தது மனிதச் செவி. மீண்டும் மீண்டும் முயன்றது மனிதப் பொறுமை. இயந்திரம் ஒலியைத் தரலாம். அதனை இசையாக்குபவன் மனிதனே அன்றோ?