குஞ்சோடு வளரும் துணிச்சல்

பாம்பைக் கண்டு ஒருவர் அலறினால் யாரும் சிரிப்பதில்லை. படையே நடுங்கும் என்று பழமொழியே அவருக்குத் துணை நிற்கிறது. கோழியைக் கண்டு ஒருவர் திண்ணை மேல் ஏறி நின்றால் மட்டும் தெருவே சிரிக்கிறது.

மைசூரை அடுத்து, நஞ்சன்கூடு பக்கம் ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மகளிர் குழுவில் ஆளுக்குப் பத்து நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்று பேச்சு வருகிறது. அந்தப் பக்கம் அதற்கு 'நாட்டி கோளி' என்று பெயர். ராகிக் களியோடு அதன் குழம்பைத் தேடித் தின்கிற ஊர், விற்பதற்குக் கவலையில்லை. எல்லாரும் பெயர் கொடுக்கிறார்கள். ஒருத்தி மட்டும் வாய் திறக்கவில்லை.

"ஏம்மா, எல்லாரும் பேர் குடுத்தாங்களாமே, நீ ஏன் குடுக்கலே?" என்கிறார் மாமியார்.

"வேணாம் அத்தே. அது எறக்கையைப் படபடன்னு அடிச்சா எனக்கு மூச்சே நின்னுடுது."

"கோழிக்குப் போயா? அது என்ன உன்னைக் கடிச்சா தின்னுடும்?"

மருமகளிடம் பதில் இல்லை. தின்னாது என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் நடுங்குவதுதான் இந்தப் பயத்தின் அடையாளம்.

சுபாவமா, நோயா?

பறவைகளைக் கண்டு அளவுக்கு மீறி அஞ்சுவதை மருத்துவத்தில் ஆர்னித்தோஃபோபியா என்பார்கள். நாய், பூனை, கரப்பான்பூச்சி என ஒரு குறிப்பிட்ட உயிரின் மேல் வரும் அச்சங்களில் இதுவும் ஒன்று. பெரும்பாலும் சிறுவயதிலேயே தொடங்கிவிடும். குஞ்சுகளோடு இருந்த தாய்க்கோழி விரட்டிக் கொத்தியிருக்கலாம். விளையாட்டாக யாரோ கோழியை மேலே வீசியிருக்கலாம். அம்மா பயந்ததைப் பார்த்தே பிள்ளையும் பயந்திருக்கலாம். எந்தக் காரணமும் நினைவில் இல்லாமலும் இருக்கலாம்.

கோழியைப் பிடிக்கவில்லை என்பது நோயல்ல. பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வேலையைக் கெடுக்கிறது, போகவேண்டிய வீட்டுக்குப் போகவிடாமல் செய்கிறது, கைக்கு வந்த பிழைப்பைத் தட்டிவிடுகிறது என்றால் அதைக் கவனிக்க வேண்டும். இது கோழைத்தனமும் இல்லை, நடிப்பும் இல்லை. மனநல மருத்துவத்தில் நன்றாகக் குணமாகும் கோளாறுகளின் வரிசையில் இதற்கு முன்னிடம் உண்டு.

ஓடினால் பயம் கொழுக்கும்

கோழி சட்டென்று சிறகடிக்கிறது. மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி, யோசிக்க நேரம் கொடுக்காமல் அபாயச் சங்கை ஊதிவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, கால் தானாகப் பின்வாங்குகிறது. வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தியதும் அப்பாடா என்றிருக்கிறது.

கோளாறு அந்த 'அப்பாடா'வில்தான் இருக்கிறது. 'ஓடியதால் பிழைத்தோம்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் தூரத்திலேயே சங்கு ஊதும். ஓடாமல் அங்கேயே நின்றிருந்தால், படபடப்பு உச்சத்துக்குப் போய், சிறிது நேரத்தில் தானாகவே இறங்கத் தொடங்கியிருக்கும். அதைப் பார்க்கும் வாய்ப்பை ஓட்டம் கெடுத்துவிடுகிறது.

1924: ஒரு முயலும் ஒரு சிறுவனும்

இத்தகைய பயத்துக்கான சிகிச்சை நூறாண்டுப் பழமையானது. 1924-இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், பீட்டர் என்ற சுமார் மூன்று வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு வெள்ளை எலி, முயல், ரோமக் கோட்டு, பஞ்சு, ஏன், ஓர் இறகைப் பார்த்தாலும் பயம். ஜோன்ஸ் அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் தின்னும்போது கூண்டிலிருந்த முயலைத் தூரத்தில் வைத்தார். அழாத அளவு தூரம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். அவர் குறித்துவைத்த படிகள் 17. கடைசிப் படியில் முயல் தன் விரலைக் கொறிக்க விட்டுக்கொண்டிருந்தான் பீட்டர்.

அதே 1924-இல்தான் மைசூர் பல்கலைக்கழகத்தில் எம்.வி. கோபாலசுவாமி உளவியல் துறையைத் தொடங்கினார். இந்தியப் பல்கலைக்கழகங்களில் அது இரண்டாவது உளவியல் துறை.

பீட்டருக்குச் செய்ததன் வளர்ந்த வடிவத்தைத்தான் இன்று படிப்படியாக எதிர்கொள்ளும் சிகிச்சை என்கிறார்கள். ஒரே அமர்வில், மூன்று மணி நேரம் வரை, சிகிச்சையாளர் கூடவே இருந்து முடித்துவிடும் முறையும் உண்டு.

மைசூரே ஓர் ஏணி

ஒரு தாளில் பத்துப் படிகள் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உங்கள் பயத்துக்கு 0 முதல் 10 வரை மார்க் போடுங்கள். குறைந்த மார்க்கில் தொடங்கி மேலே போக வேண்டும்.

மைசூர்வாசிகளுக்கு இந்த ஏணியின் பெரும்பகுதி ஊரிலும் பக்கத்திலுமே இருக்கிறது. முதலில் வீட்டில் உட்கார்ந்து கோழிப் படங்களும் காணொளிகளும் பார்க்கலாம். அடுத்து, உதிர்ந்த ஓர் இறகைக் கழுவிக் காயவைத்துக் கையில் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலைநடை. பறவைகள் தண்ணீரில், நீங்கள் கரையில். நான்காவது, 1940 முதல் சரணாலயமாக இருக்கும் ரங்கனதிட்டு. படகில் போகும்போது நாரைகளும் கூழைக்கடாக்களும் தலைக்கு மேல் சிறகடிக்கும். ஐந்தாவது, 1892-இல் தொடங்கிய மைசூர் உயிரியல் பூங்காவின் பறவைக் கூண்டுகள். ஆறாவது, காரஞ்சி ஏரிப் பூங்கா. அங்கே பெரிய வலைக்கூண்டுக்குள் பறவைகளோடு நாமும் நடக்கலாம். நமக்கும் அவற்றுக்கும் நடுவே கம்பி கிடையாது.

ஒரே படியைப் பல நாள் திரும்பச் செய்யுங்கள். படபடப்பு ஓரளவாவது இறங்கும்வரை அங்கேயே நில்லுங்கள். 7 மார்க் பயம் 3-க்கு வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு வேடந்தாங்கலும் வண்டலூரும் இருக்கின்றன.

குஞ்சிலிருந்து தொடங்குங்கள்

கோழி வளர்க்க நினைப்பவருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. முயல் அருகில் வர ஜோன்ஸ் படிகளை ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டியிருந்தது. கோழியோ தானே படிப்படியாக வளர்கிறது.

ஒரு நாள் குஞ்சின் எடை சுமார் 40 கிராம். உடம்பெல்லாம் பூமயிர்தான், படபடவென்று அடிக்க இறக்கை இறகு இன்னும் வரவில்லை. முதல் வாரம் அதற்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர்கிறது, விளக்கை விட்டு ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம், பரவலாக மேய்ந்தால் சரியாக இருக்கிறது. இதைக் கவனிக்கத் தொடங்கிய மனசுக்குத் தன் நெஞ்சுத் துடிப்பை எண்ண நேரம் இருக்காது.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தைக் கண்ணில் சொட்டு விட வேண்டும். அதற்குக் குஞ்சைக் கையில் எடுத்தே ஆக வேண்டும். முதலில் வேறொருவர் பிடிக்க நீங்கள் சொட்டு விடலாம். இரண்டு குஞ்சு கழித்து மாற்றிக்கொள்ளலாம். நாள் போகப் போக அது இறக்கையை அடித்துத் தாவப் பழகும்போது, உங்களுக்கு அதன் முகம் பழகியிருக்கும். முட்டையிட ஐந்து மாதமாவது ஆகும். துணிச்சல் வளரவும் அவ்வளவு அவகாசம் இருக்கிறது.

ஆகவே வளர்ந்த கோழிகளை வாங்கி வந்து முதல் நாளே கொல்லையில் விடாதீர்கள். அசில் போன்ற சண்டைச் சாதி தொடக்கத்துக்கு வேண்டாம். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய கிரிராஜா போன்ற கனத்த இனங்கள் அதிகம் பறக்காது. முட்டைக்கு மட்டும் என்றால் சேவலே தேவையில்லை. காலில் முள்ளோடு பாயும் ஆள் ஒருவர் குறைவார்.

கோழியின் பக்கத்திலிருந்து பார்த்தால்

கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் முறைப்பதாகத் தோன்றும். அதன் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால், உற்றுப் பார்க்க அப்படித்தான் திரும்ப வேண்டும். அதற்குக் கையில்லை, எதையும் அலகால் தொட்டுத்தான் அறியும். கால்விரல் நகத்தைக் கொத்துவதும் அதற்காகத்தான். மேலேயிருந்து வரும் கை அதற்குப் பருந்து. சிறகடிப்பது உங்களை மிரட்ட இல்லை, அதுவும் மிரண்டிருக்கிறது.

பிடிக்கும் பக்குவம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பொழுது சாய்ந்ததும் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. கூட்டில் அடைந்து அசையாமல் இருக்கும். அப்போது போங்கள். குனிந்து, மெதுவாகப் பேசிக்கொண்டே, இரு உள்ளங்கையாலும் இரண்டு இறக்கைகளையும் உடலோடு சேர்த்து அணையுங்கள். பிறகு ஒரு கையை மார்புக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, உங்கள் விலாவோடு அணைத்துக்கொள்ளுங்கள். இறக்கை அடங்கிவிட்டால் அந்தப் படபடப்புக்கே வழியில்லை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால்தான் அது உயிர் போவதுபோல் அடிக்கும்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: "பயம் தெளியட்டும்" என்று கோழியைத் தூக்கி மடியில் போடாதீர்கள். அடுத்த படிக்கு எப்போது போவது என்று பயப்படுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் சிரிக்காமல் பக்கத்தில் நின்றால் போதும்.

பயம் திரும்பினால்

பீட்டர் நடுவில் காய்ச்சலில் படுத்து இரண்டு மாதம் சிகிச்சைக்கு வரவில்லை. மீண்டு வரும் வழியில் பெரிய நாயொன்று பாய, பழைய பயம் அப்படியே திரும்பிவிட்டது. ஜோன்ஸ் மறுபடி ஆரம்பித்தார். பையன் தேறினான். உங்களுக்கும் ஒரு நாள் அடைக்கோழி சீறி, மார்க் 9-க்கு ஏறலாம். இரண்டு படி இறங்கி அங்கிருந்து ஏறுங்கள்.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுங்கள்

பயத்தை விடச் சொல்வது எச்சரிக்கையை விடச் சொல்வதாகாது. கோழியைத் தொட்டபின் சோப்பால் கை கழுவ வேண்டும். அதன் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குஞ்சுக்கு முத்தம் கொடுக்க விடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் கூண்டு கூட்டும் வேலையைப் பிறரிடம் விடுவது நல்லது. மற்றவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளலாம். முட்டையும் கறியும் நன்றாக வெந்திருக்க வேண்டும்.

2017 ஜனவரியில் பறவைக் காய்ச்சலால் மைசூர் உயிரியல் பூங்காவையே ஏறக்குறைய ஒரு மாதம் மூடிவைத்தார்கள். ஆகவே கோழிகள் திடீரெனக் கொத்தாகச் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கறிக்கும் எடுக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எப்போது மருத்துவர்?

படத்தைப் பார்த்தாலே நடுக்கம் வந்தால், தூக்கம் கெட்டால், கூடவே மனச்சோர்வு இருந்தால் தனியாக முயல வேண்டாம். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மைசூர் கே.ஆர். மருத்துவமனை போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இருக்கிறது. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் கன்னடத்திலும் பேசுவார்கள். கடையில் நீங்களாகப் பதற்ற மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அது அன்றைய நடுக்கத்தை அமுக்கும். பழக வேண்டிய மூளையைப் பழகவிடாது.

பயம் பூஜ்யத்துக்கு வர வேண்டும் என்பதில்லை. 2 மார்க்கில் நின்றாலும் கோழி வளர்க்கலாம். அந்த மருமகளும் ஒருநாள் பொழுது சாயும் வேளையில் கூட்டை அடைத்துக் கொக்கி மாட்டிக்கொண்டே மாமியாரின் பழைய கேள்விக்குப் பதில் சொல்லக்கூடும்: "தின்னாது அத்தே. கொத்தும், அவ்வளவுதான்."