பழைய மோட்டார் சைக்கிள் எந்திரத்தில் உயவுச் சோதனை

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் எந்திரத்தைப் பிரித்துச் சீரமைத்து மீண்டும் பூட்டும்போது, மசகெண்ணெய் தான் சென்றடைய வேண்டிய ஒவ்வோர் இடத்தையும் உண்மையில் சென்றடைகிறதா என்று உறுதி செய்துகொள்ளும் பணி உயவுச் சோதனை ஆகும். புதிய பேரிங்குகளும் புதிய பிஸ்டன் வளையங்களும் பொருத்தப்பட்ட எந்திரம், எண்ணெய் கிடைக்காவிட்டால் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பழுதாகிவிடும். பல மாத உழைப்பும், எளிதில் கிடைக்காத உதிரிப் பாகங்களும் அத்துடன் வீணாகும்.

இச்சோதனை ஒரே செயலன்று. எண்ணெய்க் கலத்தில் எண்ணெய் திரும்பி வருவதைப் பார்த்தோ, அழுத்தமானியின் முள் உயர்வதைப் பார்த்தோ உயவு சரியாக உள்ளது என்று முடிவு செய்வது பரவலாகக் காணப்படும் தவறாகும். அவை ஒவ்வொன்றும் எண்ணெய் வழியின் ஒரு பகுதியை மட்டுமே உறுதி செய்கின்றன. இக்கட்டுரையில் இங்கிலாந்தின் மெரிடன் ஆலையில் உருவான டிரையம்ப் 650 சிசி இரட்டை உருளை எந்திரம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. 1959ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த போனவில் வண்டியால் புகழ்பெற்ற இவ்வகை எந்திரத்தில், 1963 முதல் எந்திரமும் கியர்பெட்டியும் ஒரே உறைக்குள் அமைக்கப்பட்டன. மெரிடன் ஆலை 1983இல் மூடப்பட்டுவிட்ட போதிலும் இவ்வெந்திரங்கள் இன்றும் உலகெங்கும் சீரமைக்கப்பட்டு வருகின்றன.

எண்ணெய் செல்லும் வழி

இவ்வெந்திரம் உலர் தொட்டி முறையில் இயங்குவது. அதாவது, எண்ணெய் எந்திரத்தின் அடியில் தேங்கி நிற்பதில்லை. தனிக் கலம் ஒன்றில் இருக்கும். 1971ஆம் ஆண்டு மாதிரி முதல் வண்டிச் சட்டத்தின் தடித்த குழாயே எண்ணெய்க் கலமாக அமைந்தது. கலத்திலிருந்து வரும் எண்ணெயைப் பம்பின் ஊட்டும் பகுதி டைமிங் மூடிக்குள் தள்ளுகிறது. அங்கிருந்து அது கிராங்க் தண்டின் முனையிலுள்ள துளை வழியே தண்டின் உட்பகுதிக்குச் சென்று, கனெக்டிங் ராடுகளின் பெருமுனை பேரிங்குகளை அடைகிறது. பேரிங்குகளின் ஓரங்களில் கசியும் எண்ணெய் சுழற்சியால் சிதறி உருளைச் சுவர்களையும் பிஸ்டன்களையும் நனைக்கிறது. பின்னர் அது அடித்தொட்டியில் வடிய, பம்பின் மற்றொரு பகுதி அதை உறிஞ்சிக் கலத்திற்குத் திருப்பி அனுப்புகிறது. திரும்பும் குழாயிலிருந்து பிரியும் கிளைக் குழாய் ஒன்று மேலே உள்ள ராக்கர்களுக்கு எண்ணெய் தருகிறது.

உறிஞ்சும் பகுதியின் கொள்ளளவு ஊட்டும் பகுதியைவிடப் பெரியது. எண்ணெயோடு காற்றையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதே காரணம். ஆகவே சரியாக இயங்கும் எந்திரத்தில் திரும்பும் எண்ணெய் ஒரே சீராக வராது. குமிழிகளுடன் விட்டுவிட்டு வரும்.

கசடுக் குழாய்

கிராங்க் தண்டின் உள்ளே, பெருமுனைகள் அமரும் முளைகளின் ஊடாக, ஒரு குழாய் செருகப்பட்டுள்ளது. தண்டு சுழலும்போது எண்ணெயிலுள்ள கனமான துகள்கள் மையவிலக்கு விசையால் இக்குழாயின் வெளிப்புறச் சுவரில் ஒதுங்கிப் படிகின்றன. தூய எண்ணெய் பேரிங்குகளுக்குச் செல்கிறது. இவ்வெந்திரங்களில் கம்பிவலைச் சல்லடைகள் இருந்தனவே தவிர, இக்காலத்து வண்டிகளில் உள்ளதுபோன்ற காகித வடிகட்டி இல்லை. எனவே நுண்துகள்களை நீக்கும் வேலையை இக்குழாயே செய்தது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் கிராங்க் தண்டை வெளியே எடுக்காமல் இக்குழாயைத் தூய்மை செய்ய இயலாது. பல ஆண்டுகள் ஓடிய எந்திரத்தில் இது கெட்டித் தார் போன்ற கசடால் நிரம்பியிருக்கும். கசடு மேலும் சேர்ந்தால் பேரிங்கிற்குச் செல்லும் துளைகளே அடைபடும். எந்திரத்தை முழுவதும் பிரித்த பின்னரும் குழாயைத் திறக்காமல் பூட்டுவதை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது. மூடியைத் திறப்பது கடினம் என்பதாலேயே பலர் இதைத் தவிர்க்கின்றனர்.

முதலில், குழாயை இடம்பெயராமல் பிடித்திருக்கும் பறப்புச் சக்கரப் போல்ட்டைக் கழற்ற வேண்டும். இதைச் செய்யாமல் குழாயை இழுத்தால் அது உள்ளேயே சிதைந்துவிடும். முனையிலுள்ள திருகு மூடி, கழன்றுவிடாமலிருக்க உளிக்குத்து இட்டுப் பூட்டப்பட்டிருக்கும். குத்துப்பட்ட இடத்தைத் துளையிட்டு நீக்கி, தண்டைச் சற்றுச் சூடாக்கியபின் முயன்றால் பெரும்பாலும் இளகும். குழாயை வெளியே எடுத்து, எல்லா எண்ணெய்த் துளைகளையும் மண்ணெண்ணெயாலும் அழுத்தக் காற்றாலும் கழுவ வேண்டும்.

முளைகளைச் சாணை பிடிக்கும் வேலை இருந்தால், அது முடிந்த பிறகும் கழுவுதல் அவசியம். சாணைத்தூள் துளைகளில் தங்கிவிட்டால் புதிய பேரிங்கை அதுவே அரித்துவிடும். முன்பே கழுவியாயிற்று என்று விட்டுவிடலாகாது.

குழாயையும் மூடியையும் மீண்டும் பொருத்திய பின், எண்ணெய்க் குப்பியின் மூக்கைத் தண்டின் முனைத் துளையில் அழுத்தி வைத்து எண்ணெயைச் செலுத்திப் பார்க்க வேண்டும். இரு முளைகளின் துளைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் எண்ணெய் வெளிவர வேண்டும். ஒன்றில் வந்து மற்றொன்றில் வராவிடில் குழாய் திரும்பிய நிலையில் இருக்கலாம், அல்லது அடைப்பு எஞ்சியிருக்கலாம். எளிய சோதனையே ஆயினும், இதற்கு ஈடான சோதனை எந்திரம் பூட்டப்பட்ட பின் கிடையாது.

பம்பு

டிரையம்ப் பம்பில் மேலும் கீழும் அசையும் இரு தண்டுகள் உள்ளன. கேம் தண்டின் முனையிலுள்ள மையம் விலகிய முளை அவற்றை இயக்குகிறது. ஒவ்வொரு தண்டின் அடியிலும் குண்டும் சுருள்வில்லும் கொண்ட ஒருவழி அடைப்பிதழ் உண்டு. குண்டு தன் இருக்கையில் சரியாக அமராவிட்டால், தள்ளப்பட்ட எண்ணெய் அடுத்த இழுப்பில் திரும்பி வந்துவிடும்.

பம்பை மேசைமீது வைத்தே சோதிக்கலாம். துளைகளில் எண்ணெய் ஊற்றி, வெளியேறும் துளைகளில் எண்ணெய் தென்படும்வரை தண்டுகளை அழுத்த வேண்டும். பின்னர் தண்டை மெல்ல உயர்த்தும்போது வெளித்துளையிலுள்ள எண்ணெய் மட்டம் இறங்கக் கூடாது. இறங்கினால் அடிமூடியைக் கழற்றிக் குண்டையும் இருக்கையையும் பெட்ரோலில் கழுவ வேண்டும். குண்டை இருக்கையில் வைத்து லேசாகத் தட்டி அமர்த்துவதும் வழக்கம். தண்டுகளில் நீளவாக்கில் கீறல்கள் இருப்பின் பம்பை மாற்றுவதே நல்லது.

ஆயில் சீலும் ஒட்டுப்பசையும்

கிராங்க் தண்டின் முனை டைமிங் மூடிக்குள் நுழையும் இடத்தில் சிறிய ரப்பர் ஆயில் சீல் ஒன்று உள்ளது. பெருமுனைகளுக்குரிய எண்ணெய் முழுவதும் இந்த இணைப்பின் வழியாகவே செல்கிறது. சீலின் உதட்டுப் பக்கம் அழுத்தம் வரும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் பொருத்தினால் எண்ணெயின் அழுத்தமே உதட்டைத் திறந்துவிடும். எண்ணெய் பெருமுனைகளுக்குச் செல்லாமல் டைமிங் அறைக்குள் கொட்டும். அப்படிக் கொட்டிய எண்ணெயும் அடித்தொட்டிக்கு வடிந்து, உறிஞ்சப்பட்டுக் கலத்திற்குத் திரும்பும். கலத்தின் மூடியைத் திறந்து பார்ப்பவருக்கு எல்லாம் செவ்வனே நடப்பதாகவே தோன்றும்! மலிவான பாகம் என்பதால், மூடியைக் கழற்றும்போதெல்லாம் இதைப் புதிதாக மாற்றிவிடுவது நன்று.

சிலிகான் ஒட்டுப்பசையை அளவுக்கு மீறிப் பூசுவது இக்காலத்தில் தோன்றிய கேடு. உட்புறம் பிதுங்கிய பசை பின்னர் பிய்ந்து எண்ணெய்த் துளைகளையோ உறிஞ்சு குழாயின் வலையையோ அடைக்கக்கூடும். பம்பின் காகித கேஸ்கட்டுக்குப் பசையே வேண்டாம். அதன் துளைகள் உறையின் துளைகளோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தால் போதும்.

முதல் ஓட்டமும் அழுத்தமும்

பூட்டும்போதே பேரிங்குகள், கேம்கள், டாப்பெட்டுகள் ஆகியவற்றில் எண்ணெய் தடவியிருக்க வேண்டும். கலத்தை நிரப்பி, ஊட்டும் குழாயில் காற்று சிக்காமல் பார்த்துக்கொண்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் கலத்திற்குத் திரும்பும்வரை கிக்கரை மிதிக்க வேண்டும். பம்பு கேம் தண்டால் இயங்குவதால் கிராங்க் இருமுறை சுற்றினால்தான் ஒருமுறை தள்ளும். ஆகவே கால் சலிக்கும்வரை மிதிக்க நேரிடலாம்.

எந்திரம் இயங்கத் தொடங்கியதும் ஒரு நிமிடத்திற்குள் எண்ணெய் திரும்பாவிடில் நிறுத்திவிட வேண்டும். தொடக்கத்தில் தொடர்ச்சியாக வரும் எண்ணெய் பின்னர் குமிழிகளுடன் விட்டுவிட்டு வர வேண்டும்.

தற்காலிகமாக ஓர் அழுத்தமானியைப் பொருத்துதல் நலம். சூடான எந்திரம் ஓடும் வேகத்தில் சதுர அங்குலத்திற்கு 65 முதல் 80 பவுண்டும், மெதுவாகச் சுழலும் நிலையில் 20 முதல் 25 பவுண்டும் இருத்தல் இயல்பு. குளிர்ந்த எண்ணெயில் காட்டும் உயர்ந்த அளவை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. அழுத்தம் குறைவாயின் பேரிங் இடைவெளி, ஆயில் சீல், பம்பு, அழுத்தம் தணிக்கும் அடைப்பிதழ் ஆகியவற்றை ஐயுறலாம்.

அழுத்தம் நன்றாக இருந்தால் மட்டும் ஐயம் தீர்ந்துவிடுவதில்லை. அழுத்தமானி கிராங்க் தண்டிற்கு முன்னாலுள்ள இடத்து அழுத்தத்தையே அளக்கிறது. கசடுக் குழாய் அடைபட்டிருந்தால் எண்ணெய்க்குச் செல்ல வழியின்றி அழுத்தம் குறையாது, உயரவே செய்யும். உபரி எண்ணெய் தணிப்பு அடைப்பிதழ் வழியே வெளியேற, முள் அருமையான அளவைக் காட்டிக்கொண்டிருக்க, பேரிங் வறண்டு தேயும். அவ்வாறே, ராக்கர்களில் எண்ணெய் இருப்பது திரும்பும் குழாய் இயங்குகிறது என்பதற்கு மட்டுமே சான்று. ராக்கர்களுக்கு நன்மை செய்வதாக எண்ணி அவற்றின் குழாயை அழுத்தப் பகுதியோடு இணைப்பவர்கள் பெருமுனைகளுக்குரிய எண்ணெயைப் பறித்துவிடுகின்றனர்.

நின்ற வண்டியில் எண்ணெய் இறங்குதல்

பல வாரங்கள் நிற்கும் வண்டியில், கலத்து எண்ணெய் பம்பின் வழியே மெல்லக் கசிந்து அடித்தொட்டியை நிரப்பிவிடும். கலம் குறைந்திருப்பதைக் கண்டு எண்ணெய் ஊற்றினால் அளவு மிகும். கிளப்பியதும் மூச்சுக்குழாய் வழியே எண்ணெய் பீறிடும், புகையும் வரும். எந்திரத்தைச் சிறிது நேரம் ஓட்டிய பின்னரே மட்டம் பார்க்க வேண்டும்.

இதைத் தடுக்க ஊட்டும் குழாயில் திருகுகுழாய் பொருத்துவோர் உண்டு. அதைத் திறக்க மறந்து ஒருமுறை கிளப்பினாலும் எந்திரம் அழியும். பற்றவைப்பு மின்சுற்றோடு இணைந்து, மூடியிருக்கும்போது வண்டியைக் கிளம்பவிடாத வகை இருந்தாலன்றி இதைப் பொருத்தாதிருப்பதே மேல்.

பிற எந்திரங்கள்

மேற்கண்ட அழுத்த அளவுகளை எல்லா வண்டிகளுக்கும் பொருத்திப் பார்க்கலாகாது. உருளை பேரிங் கொண்ட பெருமுனைகளுக்கு எண்ணெய் ஓட்டம் போதும். உயர்ந்த அழுத்தம் தேவையில்லை. 1955 முதல் சென்னையில் உருவாகத் தொடங்கிய என்ஃபீல்டு புல்லட்டின் வார்ப்பிரும்பு எந்திரமும் உலர் தொட்டி முறையைச் சேர்ந்ததே எனினும், அதன் எண்ணெய்க் கலம் எந்திர உறையிலேயே வார்க்கப்பட்டிருக்கும். கிராங்க் முனையிலுள்ள சுருள்பல் திருகு டைமிங் மூடியிலுள்ள இரு பம்புகளை இயக்குகிறது. இத்திருகு இடப்புரி கொண்டது என்பதை அறியாமல் வழக்கமான திசையில் திருப்பி உடைத்தவர் பலர். எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, ராக்கர் குழாயின் பாஞ்சோ போல்ட்டைச் சற்றுத் தளர்த்துவது மெக்கானிக்குகளின் வழக்கம். பெருமுனையின் நிலையை அதுவும் காட்டாது.

சீரமைத்த எந்திரத்தின் முதல் எண்ணெயைச் சில நூறு கிலோமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும். வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் வடிகட்டினால் உள்ளே தேய்வது எது என்று தெரியும். காந்தத்தில் ஒட்டும் துகள் கேம், டாப்பெட், பல்சக்கரம் முதலிய எஃகுப் பாகங்களைச் சேர்ந்தது. ஒட்டாத சாம்பல்நிறச் செதில் பேரிங்கிலிருந்து வந்திருக்கக்கூடும். அத்தகைய செதில் கண்ணில் பட்டால் வண்டியை மேலும் ஓட்டாமல் மீண்டும் பிரித்துப் பார்க்க வேண்டும்.